எட்டுப் படையலில் கிம்ச்சி

பெப்ரவரி, இரண்டாம் புதன்கிழமை. என் மனைவி யோகேஸ்வரி பாரிஸின் வடபகுதியில் உள்ள ஒரு மருத்துவமனையில் காலமானார். உடனிருந்தவர்கள்: மகள் ஆரணி, நான்.

அதற்கடுத்த வாரம், வியாழக்கிழமை. தகனம். மழை. மண்டபத்தின் இருக்கைகள் நிரம்பின, சிலர் நின்றார்கள்.

அதற்கடுத்த வாரம், புதன்கிழமை. மகளும் நானும் கொரிய உணவு வாங்குவதற்காக லா சப்பலிலிருந்து பதினைந்தாம் வட்டாரத்துக்குச் சென்றோம். காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பினோம்.

மறுநாள், வியாழக்கிழமை. எட்டாம் நாட் படையல். இடம்: எங்கள் வீடு, லா சப்பல்.

நிகழ்ந்தவை இவ்வளவே. ஊரில் இருந்த காலத்தில் அளவையியல் கற்பித்தவன் நான். எந்த வாதத்தையும் தொடங்குமுன் மறுக்கமுடியாதவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்வேன். மாணவர்கள் போய்விட்டார்கள், பழக்கம் போகவில்லை. மேலே உள்ளவற்றை எவரும் மறுக்கமாட்டார்கள். இனி வருவதற்கு அந்த உறுதி கிடையாது. ஆகவே இதை ஒரு நண்பரின் பேச்சாக மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் படையல் முடிந்து பல மாதங்களுக்குப் பிறகு, நேற்று மாலை அரிசி வாங்கப் போனேன். மெத்ரோ ஓடும் இரும்புப் பாலத்துக்கு அப்பால் நான் வழக்கமாகப் போகும் மளிகைக் கடை இருக்கிறது. கருவாடு, ஊதுபத்தி, ஒடியல் மா, ஈரச் சாக்கு ஆகியவற்றின் மணங்கள் வாசலிலேயே வந்து கையைப் பிடிக்கும். கடைக்காரர் குளிர்ப்பெட்டியில் முருங்கைக்காய்க் கட்டுகளை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டுச் சிவப்புப் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு மூடி கசிந்திருந்தது. உள்ளிப்பூண்டும் மிளகாயும் புளித்த கோவா இலையும் கலந்த அந்த மணம், மற்ற எல்லா மணங்களையும் விலக்கிக்கொண்டு வந்தது.

இதையும் விற்கத் தொடங்கிவிட்டீரா என்று கேட்டேன்.

“ஓம், மாஸ்ரர். முதலிலை பொடியள்தான் கேட்டவங்கள். இப்ப படையலுக்கும் கேக்கினம்” என்றார் அவர். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். குனிந்து முருங்கைக்காய்களைச் சீர்செய்யத் தொடங்கினார். நான் அரிசி வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எட்டு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இறந்தவருக்கு விருப்பமானவற்றையெல்லாம் சமைத்து எட்டாம் நாள் இலையில் படைப்போம். மீன் விரும்பியவருக்கு மீன், கள் விரும்பியவருக்குக் கள்; அந்த ஒரு நாள் எவரும் அவருக்கு ஒழுக்கம் போதிப்பதில்லை. படைத்த பின் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவோம். அவர் வந்து உண்ணும்போது நாம் பார்த்துக்கொண்டு நிற்பது மரியாதை அல்ல. ஊரில் இது இறந்த நாளிலிருந்து எண்ணப்படும். இங்கே தகனத்துக்கு முறை கிடைப்பதற்குள் எட்டே கடந்துபோய்விடுவதால், உடல் எரிந்த நாளிலிருந்து எண்ணுகிறோம். இறந்தவர்களும் இந்த நாட்டின் காத்திருப்புக்குப் பழகிக்கொள்கிறார்கள் என்று கொள்ள வேண்டியதுதான்.

தகனத்துக்கு மறுநாள், எபினேயிலிருந்து என் மனைவியின் தமக்கை வந்து எங்கள் சமையலறையைப் பொறுப்பேற்றார். எல்லோரும் அவரைப் பெரியக்கா என்றே அழைப்போம், நானும் அப்படியே. ஊரிலும் இங்கும் சேர்த்து அவர் நடத்திய எட்டுகள் ஏராளம். துயரத்தை ஒரு வேலையாகப் பிரித்து எல்லோர் கையிலும் கொடுத்துவிடக்கூடியவர். விளைமீன் குழம்பு, நண்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, முட்டைப் பொரியல், வடை, பயற்றம் பணியாரம் என்று விரல் மடித்துக்கொண்டே வந்தவர், நிறுத்தி என்னைப் பார்த்தார்.

“மாஸ்ரர், வேறை என்ன அவளுக்கு விருப்பம்?”

எனக்குத் தெரியவில்லை. சமைத்தவளின் விருப்பம் மேசைக்கு வந்து சேர்வதில்லை. எனக்கு எது விருப்பமோ அதுவே எங்கள் வீட்டின் விருப்பமாக இருந்தது என்பதை அந்தக் கேள்வியின் முன் நின்றபோது கண்டேன். என்னைக் காப்பாற்றியவள் ஆரணி. கதவோரம் நின்றுகொண்டு, “கிம்ச்சி” என்றாள்.

“அதென்ன கோதாரி?”

ஆரணி பிரெஞ்சிலும் தமிழிலுமாக விளக்கினாள். பெரியக்கா கேட்டு முடித்துவிட்டு, “கொரியாக்காரன்ரை கோவா ஊறுகாய்! செத்தவளின்ரை இலையிலை! சனம் சிரிக்கும், பிள்ளை” என்றார்.

“சிரிக்கட்டும், பெரியம்மா. அம்மா என்னட்டைக் கேட்டவா.”

அதற்கு மேல் அவளிடம் ஒரு சொல்லும் பெயரவில்லை. என் மகள் சார்செலில் வசிக்கிறாள், பொதுப்பணியில் இருக்கிறாள், விதிகளைப் படித்துச் சொல்வது அவளுடைய தொழில். அவ்வளவு பிடிவாதம் அவளிடம் நான் அதுவரை கண்டதில்லை. தாயின் கடைசி விருப்பம் என்பதால் என்று எண்ணிக்கொண்டேன். பெரியக்கா அடுப்பின் பக்கம் திரும்பினார். அவர் அப்படித் திரும்பினால் பாதி இணக்கம் என்று பொருள்.

கொரியா எங்கள் வீட்டுக்குள் வந்தது தொலைக்காட்சி வழியாக. யோகேஸ்வரி ஒரு பள்ளிக்கூடத்தின் உணவுக்கூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். வேலை செய்த காலமெல்லாம் அவளுடைய பிரெஞ்சு, ‘இன்னும் வேண்டுமா’, ‘தட்டைக் கொண்டுவா’ என்ற எல்லைக்குள் நின்றது. ஓய்வு பெற்ற பிறகு கொரியத் தொடர்களைப் பார்க்கத் தொடங்கினாள். பேச்சு கொரியம்; கீழே ஓடும் எழுத்து பிரெஞ்சு. முதலில் முகங்களைப் பார்த்து அழுதாள்; பிறகு எழுத்தைப் படித்துவிட்டு அழுதாள். இரண்டு ஆண்டுகளில், நான் மாலை வகுப்புகளில் கற்பித்துத் தோற்ற மொழியை, மாமியார்களும் அநாதை மருமகள்களும் அவளுக்குக் கற்பித்துவிட்டார்கள். நான் அடுத்த அறையில் இருந்து வாசித்துக்கொண்டிருப்பேன். சுவருக்கு அப்பால் ஒரு பெண் கொரியத்தில் விம்முவாள். அது எங்கள் வீட்டின் வழக்கமான ஓசைகளில் ஒன்றாகிவிட்டிருந்தது, குளிர்சாதனப் பெட்டியின் உறுமலைப் போல.

மருத்துவர் நோயின் நிலையைச் சுற்றிவளைத்துச் சொல்லத் தொடங்கிய நாளில், அவள் அவரை இடைமறித்து, ஒரு பிழையும் இல்லாத பிரெஞ்சில், “உண்மையை மறைக்காதீர்கள். இந்த வீட்டில் நான் தாங்காத துன்பம் இல்லை” என்றாள். மருத்துவர் எழுந்து நின்றுவிட்டார். மொழிபெயர்ப்பதற்காகப் போயிருந்த நான் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். அது ஏதோ ஒரு தொடரில் ஒரு மாமியார் பேசும் வசனம் என்று ஆரணி பின்னர் சொன்னாள். மருத்துவமனையை வீடு என்றதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

சிகிச்சை தொடங்கியதும் நாவில் சுவை போயிற்று. சோறு மணலைப் போல இருக்கிறது என்றாள். குழம்பு தகரம், பால் சுண்ணாம்பு. சிகிச்சை முடிந்த ஒரு நாள் மகள் அவளைப் பதினைந்தாம் வட்டாரத்தில் ஒரு கொரிய உணவகத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே கிம்ச்சி மட்டும் நாவுக்குத் தெரிந்ததாம். அதன் பிறகு ஒவ்வொரு சிகிச்சை முடிவிலும் இருவரும் அங்கே போனார்கள். என்னை அழைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. தாய்க்கும் மகளுக்கும் உரிய ஒன்றாக அது இருந்தது. திரும்பி வரும்போது அவளுடைய மேலங்கியில் அந்த மணம் இருக்கும். நான் சன்னலைத் திறப்பேன்.

அந்தப் புதன்கிழமை காலை முதலில் லா சப்பலில் வாழையிலை வாங்கினோம். விமானத்தில் வந்த இலை, ஓரம் கறுத்திருந்தது. கடைக்காரர் அதில் நல்லதாகத் தேடி எடுத்து, துயர வீட்டுக்குப் போகும் இலை என்பதால் பேரம் எதிர்பாராமல் விலையைத் தாமே குறைத்துச் சொன்னார். அதைச் சுருட்டிக் குழந்தையைப் போலக் கையில் ஏந்திக்கொண்டு மெத்ரோவில் ஏறினேன். ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். இலைக்கா எனக்கா என்பது தெரியவில்லை.

லா சப்பல் நிலையம் தெருவுக்கு மேலே, இரும்புத் தூண்களில் நிற்பது. ரயில் புறப்பட்டதும் கீழே வடக்கு நிலையத்தின் தண்டவாளங்கள் விரியும். அந்தத் தண்டவாளங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்ற ஒரு கட்டடத்தின் ஆறாம் மாடியில்தான் நாங்கள் குடும்பம் தொடங்கினோம். மின்தூக்கி இல்லை. கழிவறை நடைவழியில், மற்ற மூன்று குடித்தனங்களோடு பொது. ரயில் போகும்போதெல்லாம் கண்ணாடிக் குவளைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். பகலில் நான் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். அளவையியலில் முதல் வகுப்பில் தேறியவன் என்பதை அந்த உணவகத்தில் எவரிடமும் சொல்லவில்லை. கோப்பைகள் அதனால் விரைவாகக் காயப்போவதில்லை. கட்டடத்தை இடித்து, இப்போது கண்ணாடியால் ஓர் அலுவலகம் கட்டியிருக்கிறார்கள். ஆரணி அன்று அதைப் பார்க்கவில்லை. தொலைபேசியில் வாங்கவேண்டியவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொரிய மளிகைக் கடையில் நான் எழுத்தறியாதவனானேன். வட்டமும் கோடுமாக எழுதிய பொட்டலங்களின் நடுவே, இலையைப் பிடித்தபடி நின்றேன். இந்த நகரத்துக்கு வந்த முதல் மாதத்தில், நாய்க்கான உணவை மீன் என்று எண்ணி வாங்கி, உள்ளியும் மிளகும் போட்டுக் குழம்பு வைத்து, நண்பர்களோடு உண்டு, நன்றாயிருக்கிறது என்று சொன்னவன் நான். தகரத்தின் மேல் நாயின் படம் இல்லை என்பது என் தரப்பு வாதம். அதை ஆரணியிடம் சொன்னேன். பல முறை கேட்ட கதைதான்; ஆனாலும் உதட்டோரம் சிறிது அசைந்தது. தாய் இறந்த பின் அதுதான் முதல் முறை. அவள் போத்தல்களைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, எந்தக் கிம்ச்சி போதிய அளவு புளித்திருக்கிறது என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். மிகச் சிவந்தது.

மதியம் அந்த உணவகத்துக்குப் போனோம். முன்பகுதியில் நான்கைந்து மேசைகள். பின்னால் திரைக்கு அப்பால் தேநீருக்கென்று தாழ்ந்த மேசைகளோடு ஒரு சிறிய அறை. நடத்துபவர் என் வயதை ஒத்த ஓர் அம்மையார். ஆரணியைக் கண்டு வந்தவர், அவளுக்குப் பின்னால் என்னைக் கண்டதும் எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டார். இரு கைகளையும் வயிற்றின் மேல் சேர்த்து நெடுநேரம் குனிந்து நின்றார். ஆறுதல் சொல்லவில்லை. அதற்காக அவருக்கு நான் நன்றியுடையவன். அந்த இரண்டு வாரங்களில் எனக்குச் சொல்லப்பட்ட ஆறுதல்களை அடுக்கினால் ஒரு நூல் நிலையம் ஆகும்.

இருவர் அமரும் மேசை. சன்னலோர நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். ஆரணியின் முகத்தைப் பார்த்ததும் அது யாருடைய இடம் என்று தெரிந்தது. எழுந்திருக்க முனைந்தேன், இருங்கள் என்று கையால் காட்டினாள்.

வெள்ளைக் கஞ்சி வந்தது. அதைச் சுற்றிச் சின்னச் சின்னத் தட்டுகளில் கீரை, முளைவிட்ட பயறு, நெத்தலி, முள்ளங்கி, கிம்ச்சி. எங்கள் பந்தியைப் போலவே, தீர்ந்தால் கேட்காமலே நிரப்புகிறார்கள். உலோகக் குச்சிகளால் ஒரு நெத்தலியைப் பிடிக்க நான் செய்த முயற்சியைப் பக்கத்து மேசைக் குழந்தை உண்ணுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. கரண்டிக்கு மாறினேன். கஞ்சியில் உப்பு இல்லாத அந்த மென்மையை நாக்கு ஊர்ப் பால்கஞ்சி என்றே எடுத்துக்கொண்டது. கிம்ச்சியைத் தொட்டேன், நிறுத்திவிட்டேன்.

இறுதியில் ஒரு கற்சட்டி வந்தது. சோறு அடிப்பிடித்து ஒட்டியிருந்த சட்டியில் வெந்நீர் ஊற்றி, அந்தத் தீய்ந்த பொருக்கு மெல்லக் கழன்று மிதக்கக் கொண்டுவந்து வைத்தார்கள். உணவு முடிந்தபின் தேநீரைப் போல அதைக் குடிப்பது அவர்கள் வழக்கமாம். அந்த ஆவி முகத்தில் பட்டதும் ஆறாம் மாடி அறைக்குப் போய்விட்டேன். ஒற்றை மின்னடுப்பு, மெல்லிய அலுமினியச் சட்டி, தவறாமல் அடிப்பிடிக்கும் சோறு. மேற்சோறு எனக்கு வரும். நான் உண்டு முடித்துச் சாய்ந்த பிறகு, சட்டியில் தண்ணீரும் உப்பும் ஒரு வெங்காயமும் போட்டு, சன்னலுக்குப் பக்கத்தில் நின்றபடி அவள் குடிப்பாள். சிக்கனம் என்று நினைத்தேன். நல்ல சட்டி ஒன்று வாங்கிக் கொடுத்த அன்று அவள் முகத்தில் மகிழ்ச்சி குறைவாக இருந்தது. அதையும் சிக்கனம் என்றே நினைத்தேன். அம்மா இங்கே இந்தச் சட்டியை இன்னொரு முறை கேட்டு வாங்கிக் குடிப்பா என்று ஆரணி சொன்னாள்.

தேநீருக்காகப் பின்னறைக்குப் போனோம். அம்மையார் முதலில் ஒரு சிவந்த பானம் கொடுத்தார். ஏதோ ஒரு பழத்தைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்தது. அதில் ஐந்து சுவைகள் இருப்பதாகச் சொன்னார். எங்களிடம் ஆறு என்றேன். இந்த மனநிலையிலும் எண்ணிக்கையில் முந்த வேண்டும் என்று ஒரு சபலம். ஆறாவது எது என்று கேட்டார். துவர்ப்பு. பிரெஞ்சில் அதற்குச் சொல் தேடினேன். அவர் எழுந்து பச்சைத் தேயிலையை இறக்கிச் சிறு கிண்ணத்தில் ஊற்றி என் முன்னால் வைத்தார். குடித்தேன். அதுதான். சொல் தேவைப்படவில்லை.

அப்போது ஆரணிக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வர, அவள் தெருவுக்குப் போனாள். அம்மையாரும் நானும் தனித்திருந்தோம். இருவருமே பிரெஞ்சை வாடகைக்கு எடுத்தவர்கள். ஆகையால் அவசரமின்றி, ஒருவர் சொல்லை ஒருவர் கையில் வாங்கிப் பார்த்துப் பேசினோம். நாளைக்குப் படையல் என்று சொன்னேன். அவர் தலையசைத்தார். அவர்களிடமும் அது உண்டு. பழங்காலத்தில் இறந்தோருக்குத் தேநீர்தான் ஊற்றினார்களாம். பிற்காலத்தில் மது வந்தது. படைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்துவார்கள். திறப்பதற்கு முன் வீட்டுக்கு மூத்தவர் மெல்ல இருமுவார். உண்டுகொண்டிருப்பவர்களை வாய்நிறையச் சோற்றோடு கண்டுவிடக் கூடாது அல்லவா. எவ்வளவு நாகரிகமான சனம் என்று நினைத்தேன்.

பிறகு நாங்கள் என்ன வைக்கப்போகிறோம் என்று கேட்டார். நாற்காலியில் இருந்த பையைக் காட்டினேன். போத்தலைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல், கிண்ணத்தைத் துடைத்தபடி சொன்னார்:

“நாங்கள் மிளகாயும் உள்ளியும் வைப்பதில்லை. சிவப்பைக் கண்டால் அவர்கள் வாசலிலேயே திரும்பிப் போய்விடுவார்கள்.”

ஆரணி திரும்பி வந்தாள். நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. தாயிடம் கொடுத்த வாக்கைக் காப்பதற்காகப் பெரியம்மாவோடு மல்லுக்கு நின்ற பிள்ளையிடம், நீ வைப்பது அவளைத் துரத்தும் என்று எப்படிச் சொல்வது?

திரும்பும் வழியில் மெத்ரோவில் இலை மடியில் இருந்தது, போத்தல் காலடியில். என் தொழில் எனக்குக் கொடுத்த ஒரே கருவியை எடுத்தேன். இறந்தோர் வருவதில்லை என்றால், எதை வைத்தாலும் ஒன்றே. வருவார்கள் என்றால், விதி யாருடையது? உண்பவருடையதா, உணவினுடையதா? யாழ்ப்பாணத்து ஆவி கொரிய விதிக்குக் கட்டுப்படுமா? ஒரு காலத்தில் இதைப் பரீட்சையில் கேட்டிருப்பேன். எந்த வழியில் போனாலும், சிவப்பை வைக்காதிருப்பதில் ஆபத்து இல்லை, வைப்பதில் இருக்கிறது என்றே முடிந்தது. நான் எதையும் நம்பாதவன். ஆனால் அவள் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப்போவதை என்னால் எண்ணிப்பார்க்க முடியவில்லை. ஆறு மாடிகள் சாமானோடு ஏறி வந்தவள் அவள்.

வியாழக்கிழமை வீடு நிறைந்திருந்தது. செவ்ரானிலிருந்தும் சார்செலிலிருந்தும் உறவினர் வந்திருந்தார்கள். பெரியக்கா படத்தின் முன் இலையை விரித்து எல்லாவற்றையும் முறைப்படி வைத்தார். கடைசியில், எவரும் எதிர்பாராதபடி, கிம்ச்சியை ஒரு சிறு கிண்ணத்தில் தாமே எடுத்துவந்து, இலையின் நடுவில், சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தார். “உன்ரை ஆசை, பிள்ளை. கொம்மா வந்து என்னைப் பேசினால் நீதான் பதில் சொல்லவேணும்” என்று ஆரணியிடம் சொன்னார். ஆரணி அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். எல்லோரும் வெளியே போனார்கள். விளக்கைத் தூண்டிவிட்டுக் கடைசியாக வருவது என் பொறுப்பு.

அறையில் நான் மட்டும் இருந்தேன். கிண்ணத்தை எடுத்து ஒளித்துவைக்க இடமில்லை. சன்னல் தெருவுக்கு மேலே. இலையின் கீழே வைத்தால் இலை மேடிடும். நான் அதைத் தின்றேன். முழுவதையும், விரல்களால், நின்றபடி. பிறகு கிண்ணத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, மென்று முடியாத வாயோடு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. மிளகாய் மூக்கில் ஏறியது. கண்களிலிருந்து நீர் வழிந்து சட்டையில் விழுந்தது. தகனத்தன்றும் அழாதவன். பெண்கள் சிலர் என்னைக் கண்டு அழத் தொடங்கினார்கள். ஒரு மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். அது மிளகாயின் வேலை என்றே இன்றும் சொல்லிவருகிறேன்.

சற்று நேரம் கழித்துப் பெரியக்கா கதவைத் தட்டித் திறந்தார். மீன் வைத்தபடி இருந்தது. நண்டு, வடை, பணியாரம் எல்லாம் இருந்தன. கிம்ச்சிக் கிண்ணம் மட்டும் வெறுமையாக இருந்தது. அவர் அதன் முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நான் வைச்ச ஒண்டையும் தொடேல்லை. உதைத்தான் சாப்பிட்டிருக்கிறாள்” என்றார். குரலில் சிறிது மனத்தாங்கலும் இருந்தது.

அன்று மாலைக்குள் எபினே முழுவதும் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு சில வீடுகளின் எட்டில் கிம்ச்சி வைத்தார்களாம். கடைக்காரர் சொன்னது அதைத்தான். அந்த வீடுகளின் இலைகளுக்கு எவரும் வராமல் போயிருந்தால், அதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது.

படையலன்று இரவு எல்லோரும் போன பிறகு ஆரணி பாத்திரங்களைக் கழுவினாள், நான் துடைத்தேன். கோப்பை துடைப்பதில் எனக்குத் தேர்ச்சி உண்டு. அவள் என் பக்கம் திரும்பி மூக்கைச் சுருக்கினாள்.

“அப்பா, உங்கட வாய் உள்ளி மணக்குது.”

சொன்னேன். அம்மையார் சொன்னதையும், மெத்ரோவில் நான் போட்ட கணக்கையும். அவள் குழாயை மூடினாள். என்னோடு எப்போதும் பிரெஞ்சு கலந்து பேசுகிறவள், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தமிழிலேயே சொன்னாள்.

“அம்மாவுக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் கேட்டவா.”

கடைசியாக இருவரும் அங்கே போனபோது, அம்மையார் பேச்சுவாக்கில் தாயிடமும் அதே விதியைச் சொல்லியிருக்கிறார். யோகேஸ்வரி சிரித்தாளாம். திரும்பும் வழியில், மெத்ரோவில், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம்: “என்ரை இலையிலை மறக்காமல் உதை வை, பிள்ளை. எனக்கு வாழ்ந்தது காணும், திரும்பி வர விருப்பமில்லை. ஒருக்கால் போனால் போனதுதான். கொப்பா கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்; அவருக்குச் சொல்லாதை.”

ஆரணி குழாயைத் திறந்தாள். மீதிப் பாத்திரங்களைக் கழுவி முடித்தோம்.

மாதங்கள் போய்விட்டன. அந்த உணவகம் கோடையில் மூடப்பட்டது. அம்மையார் தம் நாட்டுக்குத் திரும்பிவிட்டார் என்று ஆரணி சொன்னாள். இப்போது அங்கே கைத்தொலைபேசி பழுதுபார்க்கிறார்கள். யோகேஸ்வரியின் மேலங்கியைச் சலவைக்குக் கொடுத்து வாங்கிவிட்டேன். அது இப்போது எவருடைய மேலங்கியாகவும் இருக்கலாம். சுவருக்கு அப்பால் எவரும் விம்முவதில்லை. மாலை நேரங்களில் நான் வாசிக்கும் பக்கம் நெடுநேரம் அதே பக்கமாகவே இருக்கிறது. வாசல் பக்கம் சிறு ஓசை கேட்டால் தலை நிமிர்கிறது. நம்பாதவனின் தலைதான்.

செய்யாமல் எஞ்சியிருப்பவை:

ஓய்வூதிய அலுவலகத்துக்கு இறப்புச் சான்றிதழின் இன்னொரு பிரதி அனுப்புதல்.

ஆண்டுத் திவசம் எந்த நாளில் விழுகிறதென்று ஐயரிடம் கேட்டல்.

பெரியக்காவுக்கு உண்மையைச் சொல்லுதல். அல்லது சொல்லாதிருக்க முடிவு செய்தல்.

திவசம் சைவம் ஆகையால், மீன்சாறு சேராத கிம்ச்சி எங்கே கிடைக்கும் என்று விசாரித்தல்.

அதை இலையில் வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, வெறும் வாயோடு வெளியே நிற்றல்.